சட்டைப்பைச் சாவி

முதலில் தண்ணீர் குடியுங்கள், மேடம். வெயிலில் வந்திருக்கிறீர்கள். காலையிலிருந்து ஆசிரியர்களையும் ஆயாவையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்துக் களைத்துப்போயிருப்பீர்கள். என்னிடம் உங்களுக்கு அவ்வளவு பாடு இருக்காது. தலைமையாசிரியர் என்ற முறையில் இங்கே நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. மென்று விழுங்கிப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

உங்களுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிற கோப்பை, சுத்தமான பள்ளி என்று எங்களுக்குக் கொடுத்தது. நான் இங்கே வந்த புதிதில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டும். நாயாய்ப் பேயாய் அலைந்து வெள்ளை ஓடு பதித்து, கண்ணாடியும் மாட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நாளிலேயே சுவரெல்லாம் கிறுக்கல். கண்ணாடி முன்னால் ஒரு கும்பல், பாதிப் பாடவேளை அரட்டையிலேயே போகிறது. வேறு வழியில்லாமல் ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன்.

பையன்களுடையதை ஏன் பூட்டவில்லை என்று கேட்டீர்கள். அதற்குக் கதவே இல்லை, எதில் பூட்டுவது? பையன்கள் எப்படியோ போகிறார்கள், வருகிறார்கள். பெண்பிள்ளைகள் விஷயத்தில் அப்படிக் கண்டும் காணாமலும் இருந்துவிட முடியுமா? நாளைக்கு ஒன்றென்றால் யார் பதில் சொல்வது?

என் மனைவி கேலி செய்தாள். "நம்ம வீட்டுலயும் ஒண்ணு பூட்டிடுங்க. நான் உங்களுக்கு போன் பண்ணி சாவி கேட்டுக்கறேன்" என்றாள். நானும் சிரித்தேன். நகைச்சுவை தெரியாதவன் இல்லை நான்.

முதலில் சாவி ஆசிரியர் அறையில் ஓர் ஆணியில் தொங்கியது. டீச்சர்கள் இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தேவைப்படுகிறவள் நேரே இந்த அறைக்கு வந்து கேட்க வேண்டும். நான் எதற்கு என்று மட்டும் கேட்பேன். சிலர் தரையைப் பார்ப்பார்கள், சிலர் வாசலில் நிற்கிற பியூனைப் பார்ப்பார்கள். வாயைத் திறந்து சொன்னவர்களுக்குக் கொடுத்தேன். போகப்போக வருகிறவர்கள் குறைந்து, பிறகு யாருமே வருவதில்லை. ஒழுங்கு வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். ஓடு பதித்த அன்று எப்படி இருந்ததோ, இன்றைக்கும் அப்படியே பளபளவென்று இருக்கிறது.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற அந்தப் பெண்ணுக்கு இங்கே சில்வண்டு என்று பட்டப்பெயர். ஓயாமல் பேசுவாள். ஆண்டு விழா மேடையில் என் நடையை என் முன்னாலேயே நடந்து காட்டி என்னையே சிரிக்க வைத்தவள். அவ்வளவு வாய் இருக்கிறவளுக்கு என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்பதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

அவளுடைய அம்மா ஒருநாள் வந்தார். துணிக்கடையில் வேலை, அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தார். மகளுக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிகிறதாம், காய்ச்சல் அடிக்கிறதாம், அடக்கி வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். நான் உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் பேசினேன். "காலைல வீட்டுலயே முடிச்சிட்டு வரச் சொல்லுங்கம்மா" என்றேன்.

"சாயங்காலம் வரைக்கும் எப்படி சார் தாங்கும்? உங்களுக்குத் தாங்குமா?" என்றார்.

பெற்றவர் ஆயிற்றே என்று அந்தப் பேச்சைப் பொறுத்துக்கொண்டேன். அவர் போனபிறகு உட்கார்ந்து யோசித்தேன். எல்லாத் தொந்தரவுக்கும் மூலம் தண்ணீர்தான் என்று பட்டது. மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் உத்தரவு போட்டேன். பெண்பிள்ளைகள் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது, மதியச் சாப்பாட்டோடு மட்டும் குடித்தால் போதும். பையன்கள் ஓடியாடி வியர்ப்பவர்கள், அவர்களைச் சேர்க்கவில்லை.

விளையாட்டு டீச்சர் இந்த அறைக்கே வந்து சண்டைக்கு நின்றார். "பசங்களுக்கு ஒரு சட்டம், பொண்ணுங்களுக்கு ஒரு சட்டமா சார்? பாத்ரூம் நாள் முழுக்கத் திறந்திருக்கணும்னு மேலிடத்து உத்தரவே இருக்கே. நீங்கதான வராண்டாவுல ஒட்டுனீங்க?"

ஒட்டியது நான்தான். படித்துப் பார்த்துத்தான் ஒட்டினேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். டீச்சரை நூலக வேலைக்கு மாற்றிவிட்டு, விழா அணிவகுப்புப் பயிற்சியை நானே எடுத்துக்கொண்டேன்.

சம்பவம் நடந்த அன்று முற்பகலில் கட்டட வேலைக்காரர்கள் இரண்டு பேரோடு இங்கே பேசிக்கொண்டிருந்தேன். சில்வண்டு வாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றேன்.

அவர்களைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு தூரம் வந்த?"

அவர்கள் சிரித்தார்கள். அவள் போய்விட்டாள். எதற்காக வந்தாள் என்று எனக்குத் தெரியும். சாவி பையில்தான் இருந்தது. ஆனால் அவளாகக் கேட்கவில்லையே, மேடம். கேட்காததை எப்படிக் கொடுப்பது?

பிறகு மைதானத்தில் அணிவகுப்புப் பயிற்சி. நல்ல வெயில். பையன்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் குழாயடிக்குப் போய் வந்தார்கள். அவள் தள்ளாடுவதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவள், "சார், இவ நேத்துலருந்தே தண்ணி குடிக்கல" என்று கத்தினாள். நடிப்பு என்று நினைத்ததாகப் போலீசாரிடம் சொன்னேன். அது பொய். நடிப்பில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒருத்திக்காக வரிசையைக் கலைத்தால் நாளைக்கு ஒவ்வொருத்தியும் விழுவாள் என்றுதான், சுற்றை முடிக்கச் சொன்னேன். முடிப்பதற்குள் விழுந்துவிட்டாள். விழுந்த இடத்திலேயே பாவாடை நனைந்தது. பிள்ளைகள் எல்லாரும் பார்க்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவில்லை. சிறுநீரகம் முன்பே கெட்டிருந்தது, அதற்கு மேல் வெயிலும் வறட்சியும் என்றார் டாக்டர். அம்மா என்னைத் திட்டவில்லை. மகளுடைய காலி பாட்டிலைக் கொண்டுவந்து இந்த மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கழிப்பறை எப்போதும் திறந்தே இருக்கும் என்று ஆயா உங்களிடம் சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லச் சொன்னது நான். அவரை விட்டுவிடுங்கள். பூட்டியது நான், தண்ணீரை நிறுத்தியது நான், அவள் விழும்வரை நடக்க வைத்ததும் நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஆனால் பெண்பிள்ளைகளுக்குத் தீங்கு நினைத்தேன் என்று மட்டும் எழுதினால், அதில் போட மாட்டேன்.

நீங்கள் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. நெடுநேரமாக நாற்காலியில் நிலைகொள்ளாமல் நெளிகிறீர்கள். சற்று முன்பு ஏதோ கேட்க வாயெடுத்து, பியூனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டீர்கள். இங்கே பெண்களுக்கு இருப்பது அந்த ஓர் இடம்தான். துக்கத்துக்கு வந்த கூட்டம் அசிங்கப்படுத்திவிடக் கூடாதே என்று மறுபடி பூட்டி வைத்திருக்கிறேன். சாவி இதோ, பையில்தான் இருக்கிறது.

கூச்சப்படாமல் கேளுங்கள், மேடம். கேட்டவர்களுக்கு நான் இல்லை என்று சொன்னதே கிடையாது.