சம்பந்தி ஊருக்கு விட்ட தண்ணீர்

என் சம்பந்தி நல்ல மனிதர், இன்ஸ்பெக்டர் மேடம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பிறகு வரட்டும்.

நான் சீனித்தாய், இந்தச் சின்ன ஊரின் பஞ்சாயத்துத் தலைவி. பக்கத்துப் பெரிய ஊருக்குத் தலைவர் பூவனநாதன் அண்ணாச்சி. என் மகள் பாண்டிச்செல்வியை அவர் வீட்டில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறேன். பெண் கொடுத்த இடத்தில் எதிர்த்துப் பேசுகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

மழை தள்ளித் தள்ளிப் போகிறது, வெயில் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று கிராமசபையில் ஒரு தீர்மானம் போட்டோம். அதிகாரிகள் அதைப் பருவநிலைத் திட்டம் என்றார்கள். நாங்கள் வெயில் தீர்மானம் என்றோம். ஊருணியை ஆழமாக்குவது, தண்ணீரை உறிஞ்சுகிற உடைமரங்களை வெட்டுவது, கரையெல்லாம் வேம்பும் புங்கையும் வைப்பது. ஊருணியைத் தோண்டிய கையோடு, மரியாதைக்கு அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

“உடைய வெட்டிட்டா எங்க கரிமூட்டத்துக்கு வெறகு எங்கன கெடைக்கும் தங்கச்சி?”

நியாயம்தானே. நிறுத்தினேன்.

“மரம் நாங்க வைக்கும்போது சேந்து வைப்போம். நீங்க முந்திக்கிட்டா எங்க ஊரப் பாத்துல்லா சிரிப்பாவ.”

அதுவும் நியாயம். வாங்கி வைத்த மரக்கன்றுகள் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலேயே காய்ந்தன.

“தலைவி நீங்களா, ஒங்க சம்பந்தியா?” என்று வார்டு உறுப்பினர் ராஜமணி கேட்டாள்.

“ஏட்டி, நாடுகளே பக்கத்துப் பெரிய நாட்டக் கேட்டுத்தான் வெயிலுக்குத் திட்டம் போடுதுன்னு டிவியில சொல்லுதான். நமக்கென்ன கொறச்சல்?” என்றேன்.

ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பியது. சித்திரையிலும் தண்ணீர் கிடந்தது. அண்ணாச்சி ஊர்க் கண்மாய் வறண்டு கிடந்தது. பாண்டிச்செல்வி போன் செய்தாள்.

“யம்மா, ஒங்க ஊர்ல மட்டும் தண்ணியான்னு மாமா சோத்துல கை வைக்காம இருக்காவ.”

பெரிய மனிதர் பட்டினி கிடக்கலாமா, மேடம்?

ஊரே நூறுநாள் வேலைக்குப் போயிருந்தது. ஊருணிக்குக் காவல் மந்திரமூர்த்தி. “போயி சாப்ட்டு வாலே, நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். பார்த்துக்கொள்ளவும் செய்தேன். மண்வெட்டியால் கரையைக் கொஞ்சம்போலக் கொத்திவிட்டேன். மிச்ச வேலையைத் தண்ணீரே முடித்துக்கொண்டது. பள்ளத்திலிருக்கும் அவர்கள் கண்மாய்க்கு நேராகப் போய்ச் சேரும் என்று நினைத்தேன். சித்திரையில் கரிசல் காடு கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடப்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. பாதி வழியிலேயே மண் அத்தனையையும் குடித்துவிட்டது.

அண்ணாச்சி கோபப்படவில்லை. “பரவால்ல தங்கச்சி, இப்ப ரெண்டு ஊரும் சமம்” என்றார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாராம்.

இப்போது எங்களுக்குக் குடிக்க லாரித் தண்ணீர். மாடுகளைக் கயத்தாறு சந்தைக்கு ஓட்டிப்போய் விற்கிறார்கள். காவலை விட்டுப் போனவன் யார் என்று ஊர் கேட்டது, மந்திரமூர்த்தி என்றேன். பொய்யில்லையே. கரையை உடைத்தவனும் அவன்தான் என்று அடித்துத்தான் உங்களிடம் ஒப்படைத்தார்கள். ஒரு காது கேட்கவில்லை என்கிறார்கள். இனி அவனிடம் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொள்கிறேன்.

கரையை வெட்டியது நான்தான். நான் கையெழுத்துப் போட்டால் அவனை வீட்டுக்கு விட்டுவிடுவீர்கள் இல்லையா? யாரும் என்னைத் தூண்டவில்லை, எல்லாம் என் சொந்த முடிவு. அதை அழுத்தி எழுதுங்கள். பேனாவைக் கொடுங்கள்.

ஒரு நிமிஷம் பொறுங்கள் மேடம். அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.