நோவுக்கு ஓர் இலக்கம்

— நோவுக்கு ஒரு இலக்கம் சொல்லுங்கோ, மதலேனா அம்மா. நோ ஒண்டும் இல்லையெண்டால் பூச்சியம், தாங்கவே ஏலாதெண்டால் பத்து.

— ரெண்டு போடுங்க மிஸ்.

— கை தோளுக்கு மேல ஏறுதில்லை, முகமெல்லாம் வேர்க்குது. ரெண்டோ?

— ரெண்டுதான். மஹய்யாவயில எங்க வீட்டுக்கு அறுபத்தேழு படி. மழையில வழுக்கி விழுந்துட்டேன். அவ்வளவுதான்.

— என்ர பேர் பிரியாந்தினி, உங்கட கைக்குப் பயிற்சி தாறது நான்தான். இண்டைக்கு நீங்கள் வந்த முதல் நாள் எண்டபடியால் கேள்விதான் கனக்கக் கேப்பன். கையைக் கொஞ்சமாத்தான் தொடுவன். தோள்மூட்டு ஆமை மாதிரி அம்மா. ஒருக்கா வெருண்டால் உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். தட்டினால் வராது. பொறுமையாய் இருந்தால் தானாய் எட்டிப் பாக்கும்.

— எங்க வீட்டுல அப்படி ரெண்டு ஆமை இருக்கு மிஸ். ஒண்ணு இந்தத் தோள்ல. இன்னொண்ணு அந்தா, கதவுப் பக்கத்துக் கதிரையில குடையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு.

— உங்கட மனுசன்தானே? ஐயா, கிட்ட வாங்கோ. பேர் என்ன?

— மத்தியாஸ். தபால் கந்தோர்ல வேல பாத்தேன். எழுதிக்கங்க.

— அம்மா, இந்தக் கையால முதல்ல என்ன செய்ய ஆசைப்படுறியள்?

— சிலுவை போடணும். கை நெத்திக்குப் போகல. கோயில்ல இடது கையால போட்டா, வேற சபைக்கு மாறிட்டேனோன்னு பக்கத்து வாங்குல இருக்கிறவங்க பாக்குறாங்க.

— சிலுவை போட வைப்பம். ஆனா வீட்டிலயும் தினம் மூண்டு தரம் பயிற்சி செய்யவேணும், அதுக்குத் துணை வேணும். குறை நினையாதேங்கோ, இவர் உங்களைப் பேசுறவரோ?

— பேசுறதே இல்ல மிஸ்.

— அப்ப நல்ல மனுசன். இஞ்ச வாற சிலபேர் மனிசியைப் பேசிப் பேசியே கையை உயர்த்தப் பாக்கினம்.

— பேசுறதுன்னா உங்க ஊர்ல என்னா?

— யாழ்ப்பாணத்தில ஏசுறதை அப்பிடித்தான் சொல்லுவம்.

— அட ஆண்டவரே. நாங்க பேசுறதுன்னா நீங்க கதைக்கிறது மிஸ். மூணு மாசமா அவரு என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. மக நிலூஷா கெலிஓயாப் பையன்கூடப் போன நாள்லருந்து. அவ துணிப்பைய நான்தான் எடுத்துக் குடுத்தேன்னு கோவம்.

— நீங்கள் விழுந்தது எப்ப?

— அன்னிக்குத்தான்.

— எக்ஸ்ரேயைப் பாத்தனான் அம்மா. படியில விழுந்தால் எலும்பு இப்பிடி உடையாது. இது முறுக்குப்பட்டு உடைஞ்சிருக்கு.

— படியிலதான் விழுந்தேன். அப்படியே எழுதுங்க.

— சரி. ஐயா, அவவின்ர முழங்கைக்குக் கீழ உங்கட கையை வையுங்கோ. மெல்ல உயர்த்துங்கோ. ஒவ்வொரு தரமும் 'நோகுதோ' எண்டு வாய் திறந்து கேக்கவேணும். கேளாமல் உயர்த்தினால் உள்ளுக்குக் கிழியும்.

— கைய வேணும்னா புடிக்கிறேன். கேக்க முடியாதுங்க.

— கோவத்தை ஆறு கிழமைக்கு ஒரு பக்கம் வையுங்கோ. இப்ப விட்டால் இந்தக் கை இனி நெத்திக்குப் போகாது.

— கோவம் இல்லீங்க மிஸ். அன்னிக்கு நான் மகளப் புடிச்சு இழுக்கப் போனேன். இவ வாசல்ல கைய நீட்டி மறிச்சா. அந்தக் கையப் புடிச்சு முறுக்கினது நான்தான். கத்துனா. வலிக்குதான்னு அப்ப நான் கேக்கல. இப்ப எந்த வாயால கேக்குறது? இதையும் எழுதிக்கங்க.

— அம்மா, நீங்கள் என்ன சொல்லுறியள்?

— எழுதுறதுன்னா சரியா எழுதுங்க மிஸ். அந்த ரெண்ட வெட்டிட்டுப் பத்துப் போடுங்க.