ஒரே ஓர் எண் தவிர

வரிசையில் முதல் ஆள் விலகினால் பின்னால் நிற்பவர் ஓர் அடி முன்னால் வருவார். மனிதர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம் மேடம், பிஎச்பி என்ற கணினி மொழிக்குச் சொல்லித்தர வேண்டும்.

நம் வரன் பார்க்கும் இணையதளத்தில் ஒவ்வொரு பெண்ணுக்குள்ளும் ஒரு மாப்பிள்ளைப் பட்டியல், ஒவ்வொரு மாப்பிள்ளைக்குள்ளும் அவர் எழுதிய கடிதங்கள். இந்த அடுக்குகளை ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றித்தான் கைபேசிச் செயலிக்கு அனுப்புகிறோம். வரிசை எண் பூஜ்யத்தில் தொடங்கினால் பட்டியல் என்று சதுர அடைப்புக்குள் போகும். பெண் முதல் ஆளைத் தள்ளிவிட்டால் பின்னால் நிற்பவர் நகராமல் வரிசை ஒன்றில் தொடங்கும், பிஎச்பி இது பட்டியலே இல்லை என்று நெளி அடைப்பைப் போட்டுவிடும். அதைக் கண்டால் செயலி திருதிருவென்று விழித்து, 'யாரும் விருப்பம் தெரிவிக்கவில்லை' என்று காட்டும். ஒருவனை வேண்டாமென்றால் ஊரே வேண்டாமென்று ஆகிவிடும்.

புகார் வந்த அன்றே சரிசெய்தேன். எண்களைப் புதிதாகப் போட ஒரு வரி போதும். அதற்கு முன்னால் ஒரு நிபந்தனையும் சேர்த்தேன்: இந்த ஓர் எண் தவிர. நேற்று நீங்கள் கண்டுபிடித்தது அதைத்தான். அது என் தங்கையின் பதிவு எண். முதலில் வந்தவனைத் தள்ளிவிடச் சொன்னதும் நான்தான்.

அப்பா அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இருவர். என் துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் சோம்பேறி இல்லை, அவள் அப்படிப் பழக்கிவிட்டாள்.

நான்கு வருடத்தில் ஐம்பத்தேழு பேர் கேட்டு வந்தார்கள். அவள் கைபேசியில் ஒருவரும் இல்லை. போன வாரம் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள்:

"அண்ணா, ஒருத்தருக்குக்கூட பிடிக்காத அளவுக்கு என்கிட்ட என்ன குறை?"

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிரும்மா, அவசரப்படாதே" என்று சொல்லிச் சட்டையை வாங்கிக்கொண்டேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

ஒரு பள்ளி ஆசிரியர் மட்டும் ஒன்பது கடிதங்கள் எழுதினார். அழகான தமிழ். எல்லாவற்றையும் நானே படித்தேன், யாராவது படிக்க வேண்டுமல்லவா. பத்தாவது வரவில்லை. போன மாதம் வேறு பெண்ணோடு நிச்சயமாகிப் பதிவை எடுத்துவிட்டார்.

நான்கு வருடம்கூடக் காத்திருக்கத் தெரியாத மனிதர், மேடம். அப்படிப்பட்டவரிடமிருந்து என் தங்கையைக் காப்பாற்றியிருக்கிறேன்.