கனவுக்குக் கீழ கழுதை

…பொய்யிம்மா! பச்சப் பொய்யி! எம் புள்ள அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த பேசனது கெடையாது. அவன் போயி "கல்யாணம் ஆனா வேலைய வுட்டுடு"ன்னு சொன்னானாம்! கேட்டியா அநியாயத்த? கொஞ்சம் தள்ளிக் குந்தும்மா, பைய நடுவுல வச்சிக்கறேன். நகரியில ஏறசொல்லவே எடம் இல்ல. ஆதார் காமிச்சா பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு சும்மான்னு சொன்னாலும் சொன்னாங்க, ஒருத்தி வூட்ல தங்கறதில்ல. எல்லாம் பஸ்ஸுலதான். நான் வேலையா போய்க்கினு இருக்கேன், அது வேற.

நீ எதுவரிக்கும்? திருப்பதியா? நானும் அங்கதான். எம் புள்ளைக்குப் பாத்த பொண்ணோட நைனா மாசிலாமணி, அந்த ஆள நாலு கேள்வி கேக்காம திரும்பறதில்ல. முந்தாநாளு போன் பண்றாரு. தமிழாளுதான், கோவம் வந்தா தெலுங்கு. "மா அம்மாயி உத்யோகம் மானதம்மா!" எங்க பொண்ணு வேலைய வுடமாட்டாளாம். இந்த சம்மந்தமே வாணாமாம். யாருய்யா வுடச் சொன்னது? ஆஸ்பத்திரி லேப்புல ரத்தம் டெஸ்ட்டு பண்ற வேல. கசக்குதா எங்களுக்கு? நானே தறி ஓட்டன கையி. பவன்குமாரு வயித்துல இருக்கசொல்லயும் ஓட்டனவ. எங்க வூட்லயா வேலைய வுடச் சொல்லுவோம்?

அவனக் கேட்டா, "அந்தப் பொண்ணு நம்பரே எங்கிட்ட இல்லம்மா"ன்றான். நெசந்தான். நிச்சயம் ஆவற வரிக்கும் போன்ல பேசக்கூடாதுன்னு ரெண்டு பக்கமும் பெரியவங்க பேசி முடிச்சது. அவரு போன் வந்ததுலேர்ந்து சோறு துன்னமாட்டேன்றான். தட்டுல கோலம் போட்டுக்கினு எழுந்து போறான். இதுக்கு முன்ன எத்தினி பொண்ணு காமிச்சோம்! மூக்கு இப்டி, பல்லு அப்டி… இந்த யாமினியப் பாத்துட்டு வந்து, சரின்னு தலைய ஆட்டனான் பாரு, ஆட்டிக்கினே இருந்தான். போதும்டா, கழுத்து சுளுக்கிக்கும்னேன்.

படிச்ச பொண்ணாம்! அந்தப் படிப்பு எனக்குத் தெரியும்மா. தெனம் அவகூட ஆடறவ நானு.

ஆமா, போன்ல. எழுத்தாட்டம். ரெண்டு பேரு ஆடறது, ஆளுக்கு ஏழு எழுத்து வரும். கட்டத்துல குறுக்க, நெடுக்க, மாத்தி மாத்தி வார்த்த சேக்கணும். செவப்புக் கட்டத்துல ஏறுச்சின்னா மூணு பங்கு மார்க்கு. இது எம் புள்ளையோட பழைய போனு. புதுசு வாங்கிக்கினு இத எங்கிட்ட தள்ளிட்டான். அந்த ஆட்டம் உள்ளியே கெடந்துது. பொண்ணு பாக்கப் போனன்னிக்கு அவ சித்தி, "பொழுது எப்டி போவுது"ன்னு கேட்டதுக்கு, இந்த ஆட்டம்னு சொல்லி வச்சான். ஆடறத வுட்டு எத்தினியோ காலம் ஆச்சி, பீத்தல்! அடுத்த வாரமே டிங்குனுது. யாமினி மூஞ்சி, ஆடக் கூப்புடறா. அட, வரப்போற மாமியாகூட ஆடிப் பாக்கணும்னு பொண்ணுக்கு ஆசைன்னு நெனச்சிக்கினேன். எம் பக்கம் பவன்குமார் மூஞ்சிதான் தெரியும். எப்டி மாத்தறது? கெடக்குதுன்னு வுட்டுட்டேன்.

ஆடறாளா அது? "நிலா"ன்னு வைக்கறா. ரெண்டே கட்டம்! மார்க்கு எங்கேர்ந்து வரும்? நான் அந்த "லா"வப் புடிச்சி "லாடம்"னு எறக்கனேன். "பூங்காத்து"ன்னா. அந்தப் "பூ"வுலேர்ந்து "பூரான்". அப்பறம் "கனவு"ன்னா. கீழ, செவப்புக் கட்டத்துல, "கழுதை"! மூணு பங்கு! ஒரு ஆட்டம் ஜெயிக்கலம்மா அவ. வுட்டுக்குடுக்கலாந்தான். ஏன் வுடணும்? வூட்டுக்கு வரசொல்ல தெரிஞ்சிக்கினு வரட்டும்.

இதுல ஒரு பொட்டி வேற. நடுநடுவுல வந்து கட்டத்த மறைச்சிக்கும். உள்ள எல்லாம் இங்கிலீசு எழுத்து. நான் மூணாங்கிளாசு தமிழு, எனக்கு எங்க தெரியும்? அடியில கட்டவெரல் படம் இருக்கும், அத அமுக்கனா பொட்டி ஒழியும். போன வாரம் ஒரு பெரிய வார்த்தைய நான் கோத்துக்கினு இருக்கேன், மேல மேல வருது பொட்டி! அமுக்கு, அமுக்கு, அமுக்கு… வெரலு தேஞ்சி போச்சி.

இன்னாம்மா அப்டி பாக்கற?

பொட்டிய யாரு அனுப்பறதா? யாராச்சும் கம்பெனிக்காரன். சோப்பு, கடன்னு வராது? அது மாதிரி… இல்லியா?

யாமினியா!

சும்மா இரு. அப்ப நான் அமுக்கன வெரலு? …அவளுக்கா போவும்? …"சரி"ன்னா அர்த்தம்? எல்லாத்துக்குமேவா? வேலைய வுடணுமான்னு அவ கேட்டிருந்தா, அதுக்கும்… எம் புள்ள பேருல…

ஐயய்யோ.

தண்ணி இருக்குதா? குடு.

…ஏம்மா, அந்தக் கழுதையும் அவன் பேருலதான் போயிருக்குமா? பூரானும்? ஐயோ, சிரிக்காத! பஸ்ஸே திரும்பிப் பாக்குது. அவன் அங்க சோறு தண்ணி இல்லாம கெடக்கறான், உனக்கு சிரிப்பு. மாசிலாமணி வூட்டு வாசப்படிய எந்த மூஞ்சிய வச்சிக்கினு மிதிப்பேன்? அவரு தெலுங்குல ஆரம்பிச்சாருன்னா நான் எந்தப் பாஷையில பதில் சொல்லுவேன்?

இரு, இரு. எல்லாம் என் தலையிலியே கட்டாத. அவளுக்கும் அறிவு வாணாமா? கல்யாணத்துக்கு நிக்கற ஆம்பள, பொண்ணு கனவுன்னு வச்சா கீழ கழுதைய வைப்பானா? இது எவளோ வயசானவ கையின்னு தோண வாணாம்? லேப்புல ரத்தத்தப் பாத்து வியாதிய சொல்றாளாம்!

வடமாலப்பேட்ட தாண்டிடுச்சா? திருப்பதி வந்துடும். இந்தா, புடி போன. நீ எழுது. பொட்டியிலதான், அவ எழுதற மாதிரியே இங்கிலீசு எழுத்துல. "நான் பவன்குமார் அம்மா. இத்தினி நாளா ஆடனது நானு. வெரலு அமுக்கனதும் நானு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. பட்டினி கெடக்கறான்." எழுதனியா?

மன்னிப்பா? நானா? அவகிட்டயா?

சரி, எழுது. ஒரு தபா எழுது போதும், நீட்டாத. "உங்க வூட்டுக்குத்தான் வந்துக்கினு இருக்கேன், கதவ சாத்தாத"ன்னும் போடு. அப்பறம், "வேலைய வுடாத"ன்னு எழுது. பெருசா எழுது. எழுதிட்டியா?

அதுக்குக் கீழ, "ஆட்டத்த வுட்டுடு, உனக்கு அது வரல."

அனுப்பு.