பொனசிச் செடிக்கு ஒரு கொசுவலை

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எவேலியோவுக்கு அப்படித்தான் பிடிக்கும். அவருக்குப் போட்டதிலேயே உங்களுக்கும் ஊற்றிவிட்டேன். அதோ, முற்றத்தில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். பக்கத்து வீடு. கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். காது மந்தம்தான், ஆனால் கேட்கக் கூடாதது மட்டும் தெளிவாகக் கேட்டுவிடும்.

காட்டுக் காவலரான உங்களுக்குச் சொல்லி அனுப்பியதே அவர்தானே. இந்தத் தெருவில் பூந்தேன் குடிக்க வரும் சுன்சுன் குருவிகள் ஏன் குறைந்துபோயின என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். உள்ளே நுழைந்ததுமே என் பொனசிச் செடியைப் பார்த்து, "பூ மண்டிக் கிடக்கு, ஒரு காயைக்கூடக் காணோமே ஒடாலிஸ் அம்மா" என்றீர்கள். கெட்டிக்காரர். குருவி அந்தச் சிவப்புக் குழல் பூவுக்குள் மூக்கை விட்டு, நெற்றியில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்வந்தால்தானே காய் பிடிக்கும். செடிக்கு மறைக்கத் தெரியவில்லை. எனக்கும் மறைக்க ஒன்றுமில்லை.

எவேலியோவின் மனைவி மிக்டாலியா நல்ல மனுஷி. சிரித்துச் சிரித்தே ஊரை வளைத்துப் போட்டவள். அவர்கள் வேலியோரம் பெரிய பொனசி ஒன்று நின்றதே, அது அவள் வைத்தது. அதில் ஒரு கிளையை ஒடித்து என்னிடம் நீட்டி, "நட்டு வைடி ஒடாலிஸ். ஆம்பளைக் குரல்தான் கேக்காத வீடாப் போச்சு, குருவிச் சத்தமாவது கேக்கட்டும்" என்று கேலி செய்தாள். என் புருஷன் படகேறி வடக்கே போனவர், போனவர்தான். நான் சிரித்துக்கொண்டே வாங்கி நட்டேன்.

பிறகு மிக்டாலியா இறந்துபோனாள். காய்ச்சல், நாலு நாள் படுக்கை, அவ்வளவுதான். அதிலிருந்து எவேலியோ டொமினோ ஆட்டத்தை விட்டார். கியூபா முழுக்கத் தேடினாலும் அவரைப் போல ஆடுகிறவர் கிடைக்கமாட்டார், ஆனால் விட்டுவிட்டார். மத்தியானமானால் அந்தச் செடி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு சுன்சுன் வரும். தொண்டை மட்டும் அடுப்புக் கனல் போலச் சிவந்திருக்கும். "பாரு ஒடாலிஸ், மிக்டாலியா வந்துட்டா. இருந்தப்பவும் இப்படித்தான், ஒரு இடத்துல நிக்கமாட்டா" என்பார். வேலிக்கு மேலாகச் சோறும் கறுப்பு பீன்ஸும் கொடுப்பேன். தட்டைக் கழுவித் திருப்பித் தருவார். அதோடு சரி.

மரவள்ளிக்கிழங்கு வேகவைத்த உப்புத் தண்ணீரை எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும். நான் வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டினேன். ஆறும்வரை காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தினமும் மரவள்ளிக்கிழங்குதான். செடி கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது, மிக்டாலியாவின் கை அப்படி.

அது பட்டுப்போனபோது எவேலியோ வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, பொய்யில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட இருக்கிறதும் அவ குடுத்த கிளைதானே. குருவி இங்க வரும். நீங்களும் வாங்க" என்றேன்.

வந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முதல் வாய் காப்பி குடித்துவிட்டு, "இதுல கரண்டிய நட்டா முளைச்சிடும் போலிருக்கே" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். குருவியும் வந்தது. ஆனால் அது குடித்து முடித்துப் பறந்த உடனே இவரும் தொப்பியை எடுத்துக்கொள்வார். "அவ கிளம்பிட்டா, நானும் கிளம்புறேன்." கோப்பையில் பாதிக் காப்பி ஆறிக் கிடக்கும். செத்த பிறகும் கூட்டிக்கொண்டு போகிறாளே என்று எனக்கு வயிறு எரியும்.

குருவி இங்கேயே தங்கிவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை என்று நினைத்தேன். சதுப்பு நிலத்து ஊரில் கொசுவலை இல்லாத வீடு உண்டா. என் கட்டிலுக்கு மேல் தொங்கியதை அவிழ்த்து, ஒரு காலையில் குருவி பூவில் இருக்கும்போது செடியோடு சேர்த்துப் போர்த்தினேன். உள்ளே தேன் இருக்கிறது, பல்லி பாம்பு பயமில்லை. நானாக இருந்தால் சந்தோஷமாகத் தங்கியிருப்பேன். அதற்குத் தங்கத் தெரியவில்லை. எவேலியோ வருவதற்குள் வலைக்கண்ணில் மூக்கு மாட்டி ஓய்ந்துவிட்டது. கொய்யா இனிப்பு வந்த டப்பாவில் பஞ்சு பரப்பி அதைப் படுக்கவைத்தேன்.

அன்றைக்கு அவர் காப்பியை முழுவதும் குடித்தார். இன்னொரு கோப்பையும் கேட்டார். "ஏன் இன்னும் வரல?" என்றார். "காலையிலேயே வந்துட்டுப் போயிடுச்சு. நாளைக்கு வரும்" என்றேன். பொழுது சாயும்வரை காத்திருந்தார். பிறகு இங்கேயே சாப்பிட்டார். வறுத்த வாழைப்பழத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். குருவி வந்தால் கால் மணி நேரம், வராவிட்டால் ஒரு நாள் முழுவதும். இதை முன்பே கண்டுபிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நல்ல செடி காலியாகக் கிடந்தால் மற்றக் குருவிகள் விட்டுவைக்குமா. ஒன்று போனால் இன்னொன்று வந்தது. எல்லாம் காலை வேளையில், அவர் வருவதற்கு முன்னால். ஆமாம், எல்லாவற்றையும் நான்தான். டப்பா நிறைந்து இரண்டாவது டப்பா திறந்திருக்கிறேன். அலமாரியில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள், நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. என் கையையும் பாருங்கள், எவ்வளவு தடிப்பு. வலையைச் செடிக்குக் கொடுத்துவிட்டுக் கொசுக்கடியில் தூங்குகிறவள் நான். அவருக்காக இதைக்கூடச் செய்யமாட்டேனா.

போன வாரம்தான் அவர் முகம் வாடியது. "பூ இருக்கு, காய் இல்ல. அவளுக்கு எம்மேல ஏதாச்சும் கோவமா ஒடாலிஸ்?" என்று கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "சேச்சே, உங்க மேல யாருக்குக் கோவம் வரும்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினேன்.

"ஒடாலிஸ்! ஓடி வா, வந்துட்டா! மிக்டாலியா வந்துட்டா!"

கேட்டீர்களா, எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். உண்மைதான், அதோ, மேல் கிளையில். இன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் காலையிலேயே வந்துவிட்டதில் கவனிக்காமல் விட்டுவிட்டேன். குடித்து முடிக்கக் கொஞ்ச நேரமாகும். ஆனால் இவர் இப்போதே தொப்பியைத் தேடுகிறார், பாருங்கள். உங்களுக்குப் பின்னால் கதவில் ஒரு கொசுவலை தொங்குகிறது. கொஞ்சம் எடுத்துத் தருகிறீர்களா.