பெரியவனின் அட்டை

யாருடைய டேப்லெட் ஆனாலும், அதில் எதையாவது நிறுவுவதற்கு முன்னால் திரையைத் துடைத்துவிடுவது என் வழக்கம். அப்பாவுடையதையும் துடைத்தேன். "இவ்வளவு பொறுமையான பிள்ளை கிடைக்கணுமே" என்று அன்று நீங்கள் சொன்னீர்கள், மேடம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வீடு வீடாகப் போகிறவர் நீங்கள். எல்லாரிடமும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது.

நான் நிறுவியது, எதையும் மனப்பாடம் செய்ய உதவும் ஓர் அட்டை மென்பொருள். அதைப் பராமரிப்பவனும் நான்தான். இலவசம். உள்ளே எழுதியிருக்கும் நிரலெல்லாம் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யாரும் படிப்பதில்லை. பரீட்சைக்குப் படிப்பவர்கள், புதுமொழி கற்பவர்கள் என்று எங்கெங்கோ இருந்து நிறுவிக்கொள்கிறார்கள். நிறுவ வரவில்லையென்றால் என்னைத் திட்டி எழுதுகிறார்கள். நான் பணிவாகப் பதில் போடுவேன். பணிவு எனக்குக் கைவந்த கலை.

அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. பார்த்தபின் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். 'மறந்துவிட்டது' என்றால் அட்டை சற்று நேரத்தில் திரும்பி வரும். 'எளிது' என்றால் சில நாள் கழித்து வரும். மறுபடி 'எளிது' என்றால் சில மாதம், அப்புறம் சில வருடம். தெரியாததைத் துரத்திப் பிடிக்கும், தெரிந்ததைத் தள்ளிப்போடும். அவ்வளவுதான் விஷயம்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு முகங்கள் குழம்பின. தெரிந்தவர்களின் படங்களை அட்டைகளாகப் போடச் சொன்னது நீங்கள். பயிற்சி விட்டுப்போனால் ஒட்டியிருக்கும் முகங்களும் நழுவிவிடும் என்று எச்சரித்ததும் நீங்கள்தான். அம்மா இல்லாத வீடு. அப்பாவுக்கு வலது கை எழும்பவில்லை. அதனால் பொத்தானை நான் அழுத்தினேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா விழுந்தபோது அள்ளித் தூக்கியவன் நான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கேட்டது, "பெரியவன் வந்துட்டானா?" பெரியவன் மறுநாள் சாவகாசமாக வெளியூரிலிருந்து வந்தான். டாக்டரிடம் என்னைக் காட்டி, "இவன் என் தம்பி. வேலைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, கம்ப்யூட்டர்ல எதையாவது நோண்டிட்டு இருப்பான். அதையும் ஊருக்கெல்லாம் ஓசியில குடுத்துடுவான்" என்றான். டாக்டர் சிரித்தார். அப்பாவும் கோணிய வாயோடு சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் லேசாக எரிகிறது.

பயிற்சி தொடங்கிய புதிதில் ஒருநாள் காலை அண்ணனின் படம் வந்தது. அப்பா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பேங்க் மேனேஜர்?"

அட்டையைத் திருப்பி விடையைக் காட்டியிருக்க வேண்டும். நான் திருப்பவில்லை. "சரிதான்ப்பா" என்று சொல்லி 'எளிது' பொத்தானை அழுத்தினேன். பரீட்சையில் தேறிய பிள்ளைபோல அப்பாவின் முகம் மலர்ந்தது. நோயாளியை இவ்வளவு சந்தோஷப்படுத்துகிற சிகிச்சை வேறு எது என்று நீங்களே சொல்லுங்கள். அடுத்த முறை அந்தப் படம் வந்தபோது அவர் தயங்கவேயில்லை, "பேங்க் மேனேஜர்" என்று கணீரென்று சொன்னார். நானும் தயங்காமல் அழுத்தினேன். அப்புறம் அந்த அட்டை வருவது நின்றுபோனது. போனில் பேசினால் அப்பா களைத்துவிடுகிறார், டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று அண்ணனிடம் சொல்லி வைத்தேன். அது ஒரு சின்னப் பொய்.

போன மாதம் அண்ணன் வந்தான். அப்பா மரியாதையாக எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்க சார். பேங்க்லேர்ந்து நீங்களே வரணுமா, சொல்லியனுப்பினா போதாதா?"

அண்ணன் பின்பக்கம் போய் வாஷிங் மெஷின் மேல் தலையைச் சாய்த்து அழுதான். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீ மட்டும் இல்லன்னா அப்பா என்னடா ஆவாரு" என்று என்னைக் கட்டிக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவன் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. ரொம்ப நன்றாக இருந்தது.

இன்று நீங்கள் வந்து, பரிசோதனைக்காக என்னைக் காட்டி, "இவர் யாருங்க ஐயா?" என்று கேட்டீர்கள்.

"டேப்லெட் ரிப்பேர் தம்பி" என்றார் அப்பா. "தங்கமான பையன். பாவம், அப்பா அம்மா யாரும் கிடையாது போல. எந்நேரமும் இங்கயே இருக்கு."

நீங்கள் டேப்லெட்டை வாங்கி, எந்த அட்டைக்கு எந்தப் பொத்தான் என்ற பதிவைப் பார்த்துவிட்டு, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். அண்ணனின் அட்டைக்குக் காரணம் சொல்லிவிட்டேன். என் அட்டையில் எந்தச் சதியும் இல்லை. என் படம் வரும்போதெல்லாம், என்னைப் போய் அப்பா மறப்பாரா என்று அவரிடம் கேட்காமலேயே 'எளிது' அழுத்தினேன். அது அடுத்து வரும்போது அவருக்கு நூறு வயது தாண்டியிருக்கும். எங்களுக்கு வரும் பார்சலைத் தவறாமல் பிரித்துப் பார்த்துவிட்டுத் தரும் பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் நேர்மையாக நடந்துகொண்டேன். அப்பா தவறும்போதெல்லாம் 'மறந்துவிட்டது' அழுத்தினேன். அவரை இப்போது அப்பா குரலை வைத்தே கண்டுபிடிக்கிறார், பிள்ளைகுட்டிகளை விசாரிக்கிறார்.

மென்பொருள் மேல் குறை ஒன்றும் இல்லை. பழையபடி முதலிலிருந்து தொடங்க வழி இருக்கிறது, அதையும் நான்தான் எழுதினேன். பெரியவனுக்கு இப்போதே போன் செய்து உண்மையைச் சொல்லச் சொல்கிறீர்கள். நியாயம்தான். டேப்லெட்டை இப்படிக் கொடுங்கள், முதலில் என் அட்டையைச் சரிசெய்துவிடுகிறேன். அவனுடையதை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.