தலையாட்டிய தாய்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் பேருந்தில், குளிப்பதற்குத் துண்டுடன் மருத்துவ மாணவியர் இருவர் எனக்கு முன் அமர்ந்திருந்தனர்.

"அந்தம்மா தலையாட்டுனதால பரீட்சைல எனக்கு மார்க் போச்சுட்டி," என்றாள் ஒருத்தி.

"எப்படி?" என்றாள் தோழி.

"வயித்தால போற பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். பொடி கரைக்க அதோட அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். 'புரிஞ்சுதா'ன்னேன், ஆட்டுனா. பரீட்சை வச்ச சார் அவளையே திருப்பிச் சொல்லச் சொன்னாரு. முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளர்ல கொட்டுவேன்னுட்டா! ஒரு லிட்டர்லல்லா கரைக்கணும்!"

"சரி ஏட்டி, தென்காசி ஆஸ்பத்திரி வார்டுல நீ இதையே சொல்லிக்கொடுத்த வாசுதேவநல்லூர் அக்கா? இன்னைக்கு மத்தியானம் பிள்ளையோட வீட்டுக்குப் போறாளே?"

முதலாமவள் எழுந்து நின்றாள்.

"அவளும் தலைதான் ஆட்டுனா."

மேலகரத்தில் பேருந்து நின்றது. நனையாத துண்டுடன் அவள் இறங்கி, தென்காசிப் பேருந்தைப் பிடிக்கச் சாலையைக் கடந்தாள்.